முதலில் தூக்கும் கை

மருந்து பாட்டில்களுக்கு மூடி செய்யும் அந்தத் தொழிற்சாலையில், புது மேனேஜர் வந்ததிலிருந்து காலையில் முதல் வேலை ஆங்கிலம்தான். சூப்பர்வைசர்களை வட்டமாக நிற்கவைத்து ஓர் ஆங்கில மரபுத்தொடரைச் சொல்வார். அதற்கு நம் பேச்சில் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்றால் அத்தி பூத்த மாதிரி. 'டூ பேர்ட்ஸ் வித் ஒன் ஸ்டோன்' என்றால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வந்தால் தடுமாறாமல் பேசுகிறவனுக்குத்தான் இன்சார்ஜ் பதவி என்று சொல்லியும் விட்டார்.

பேக்கிங் சூப்பர்வைசர் பேயாய்ப் படித்தான். பல் தேய்க்கும்போதும் முணுமுணுப்பு.

"பொண்டாட்டிகிட்ட பேச வாயில்ல, கண்ணாடிகிட்ட இங்கிலீஷ்!" என்றாள் மனைவி.

கொஞ்ச நாளில் வட்டத்தில் முதலில் உயரும் கை அவனுடையதாகிவிட்டது. மற்றவர்கள் 'துரை' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கிண்டல்தான், ஆனாலும் அவனுக்கு இனித்தது.

அந்த நேரம் பார்த்து ஆள்குறைப்பு வந்தது. கையால் மூடி பொறுக்கும் பிரிவையே மூடப்போகிறார்களாம். அங்கேதான் அவனுடைய அக்கா புருஷன் இருந்தார். வெட்டியாகத் திரிந்தவனைக் கையைப் பிடித்து இந்தத் தொழிற்சாலைக்குள் கூட்டிவந்தவரே அவர்தான்.

"மாப்ள, நீ சொன்னா அந்தாளு கேப்பாரு. உன் பேக்கிங்ல ஒரு எடம் காலியா இருக்குல்ல? ஒரு வார்த்தை போட்டு வையேன்."

"இதெல்லாம் நீங்க கேக்கணுமா மச்சான்? நான் பாத்துக்கறேன்."

மேனேஜர் அறைக்குப் போனான். வாயைத் திறப்பதற்குள் அவரே முந்திக்கொண்டார்.

"இன்சார்ஜ் நீங்கதான். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், சொந்தக்காரங்களுக்கு சிபாரிசு பண்ற பழக்கம் இருக்கக் கூடாது."

நாக்கு நுனிவரை வந்த மச்சானை அப்படியே விழுங்கினான். படித்த ஆங்கிலத்தில் நன்றி மட்டும் தங்குதடையில்லாமல் வந்தது. காலியிடம் மேனேஜருடைய டிரைவரின் தம்பிக்குப் போனது. சிபாரிசில்தான் எத்தனை சாதி!

சாயங்காலம் வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் மச்சான் வந்தார், பின்னாலேயே அக்காவும்.

"சொன்னியா?"

"அது வந்து மச்சான்... ஒரு கதவு மூடினா இன்னொரு கதவு தொறக்கும்னு இங்கிலீஷ்ல..."

"நான் தமிழ்லயே சொல்றேன், கேட்டுக்க. கூட இருந்தே குழி பறிச்சிட்டடா."

அவ்வளவுதான் பேசினார். அக்கா தம்பியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. உள்ளேயிருந்து மனைவி "அண்ணி, உக்காருங்க" என்று ஓடிவருவதற்குள் இருவரும் தெருமுனை தாண்டிவிட்டார்கள். அவனுக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் பதவி வேண்டாமென்று சொல்ல மனம் வரவில்லை.

மறுநாள் வட்டம் கூடியது. மேனேஜர் புது இன்சார்ஜுக்குக் கைகொடுத்துவிட்டு ஆரம்பித்தார்.

"நம்பினவனை முதுகுல குத்துறதுன்னு இங்கிலீஷ்காரன் சொல்றான். அப்படியே மொழிபெயர்க்க வேணாம். நம்ம ஊர்ப் பேச்சுல ஒண்ணு சொல்லுங்க."

ஒரு கையும் எழவில்லை. எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

"என்ன இன்சார்ஜ், உங்களுக்குமா தெரியல?"

அவன் கையைத் தூக்கினான்.

"கூட இருந்தே குழி பறிக்கிறது, சார்."

"பிரமாதம்!" என்று மேனேஜர் கைதட்டினார். வேறு யாரும் தட்டவில்லை.