பெரியப்பா வீட்டுக் கரண்ட்

விருந்துக்குப் போன வீடுகளிலெல்லாம் ஐஸ்வர்யா முதலில் தேடியது பிளக்கைத்தான்.

கல்யாணமாகி மூன்று வாரம். ஞாயிறு வந்தால் சொந்தக்காரர் வீட்டில் விருந்து. கார் அவளுடையது. கல்யாணத்துக்கு முன்பே தன் சம்பளத்தில் வாங்கிய மின்சாரக் கார். ஓட்டுவதும் அவள்தான். சந்திரமோகன் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை சதவீதம் மிச்சமிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வருவான். ஒரு வீட்டில் ஃபிரிட்ஜைப் பிடுங்கிவிட்டுக் காருக்கு இடம் கொடுத்தார்கள். இன்னொரு வீட்டில் மாவு பாதியில் நின்றது. அது கிரைண்டர் பிளக். அத்தை ஒருத்தி, "உள்ள குந்துனா ஷாக் அடிக்காதா பாப்பா?" என்று கேட்டாள். பிறகு செருப்பைக் கழற்றாமல் ஏறி, காலைக் கீழே வைக்காமல் ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

இந்த ஞாயிறு ஏரியூர். பெரியப்பா மாதுவின் வீடு, சித்தப்பா பிரபாகரின் வீடு. அடுத்தடுத்த வீடுகள். நடுவில் நெஞ்சளவு சுவர். ஐஸ்வர்யாவின் அப்பா அவள் சின்ன வயதிலேயே போய்விட்டார். படிக்க வைத்தது இந்த இரண்டு பேரும்தான். கல்யாணத்தில் அப்பா இடத்தில் உட்கார்ந்து அவளைத் தாரை வார்த்துக் கொடுத்தது பெரியப்பா. பாகம் பிரித்ததிலிருந்து அண்ணன் தம்பிக்குள் சண்டை இல்லை. பேச்சும் இல்லை.

"மொதல்ல பெரிப்பா வூடு. அங்க கை நனைக்காம சித்தப்பா வூட்ல பச்சத் தண்ணி தொடாத" என்று அம்மா காலையில் போனில் சொல்லியிருந்தாள். சொல்லவே வேண்டியதில்லை. ஐஸ்வர்யாவுக்குத் தெரியாததா.

பென்னாகரத்துக்கு முன்னால் சார்ஜ் போடலாம் என்று நம்பி வந்த இடத்தில் மெஷின்மேல் கோணிப்பை போர்த்தியிருந்தது. ஆளைக் கேட்டால் இன்னும் ஒரு வாரம் ஆகும் என்றான். ஏரியூர் வந்து சேர்ந்தபோது காரில் பதினாலு சதவீதம். சந்திரமோகன் வீடு இருக்கும் அதியமான்கோட்டைக்குத் திரும்ப அது போதாது.

பெரியப்பா இலை அறுக்கத் தோட்டத்துக்குப் போயிருந்தார். பெரியம்மா தீர்த்தம்மாள் கரண்டியோடு ஓடிவந்து இரண்டு பேருக்கும் திருஷ்டி கழித்தாள். பிறகு காரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு அதற்கும் கழித்தாள். குளியலறை வெளிச்சுவரில் பெரிய பிளக் இருந்தது. ஐஸ்வர்யா சார்ஜரைச் செருகினாள். சிவப்பு விளக்கு மின்னியது. எடுத்துவிட்டு மறுபடி செருகினாள். மறுபடி சிவப்பு.

"என்னாவாம்?" என்றாள் பெரியம்மா.

"எர்த்து இல்லைங்க பெரிம்மா. எர்த்து இருந்தாத்தான் ஏத்திக்கும்."

"வாசலுக்கு சிமிட்டி போட்டாங்களே, அப்ப அந்தக் கம்பிய அறுத்துட்டானுங்க. லைட்டு எரியுதேன்னு வுட்டுட்டாரு உங்க பெரிப்பா."

சுவருக்கு அப்பால் சித்தப்பாவின் தலை தெரிந்தது. "இங்க கொண்டாந்து போடு பாப்பா. புது வூடு. எர்த்து நானே கூட நின்னு போட்டது."

இருபது அடி தூரம். ஐஸ்வர்யா காரைத் திருப்பி அங்கே கொண்டுபோய்ச் செருகினாள். பச்சை விளக்கு. சித்தி நிர்மலாதேவி சொம்பில் மோர் கொண்டு வந்தாள்.

"வேண்டாங்க சித்தி. பெரிப்பா வூட்ல சாப்புட்டுட்டு வந்துர்றோம்."

"அதுஞ் சரிதான்" என்று சித்தி சொம்பைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள்.

முறை தவறாமல் நடந்துகொண்ட திருப்தியோடு ஐஸ்வர்யா திரும்பி வந்தாள். பெரியம்மா ஒகேனக்கல் மீனை வறுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். கோழிக்குழம்பு வாசம் தெருவரை போயிற்று. சந்திரமோகன் கைகழுவித் துடைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்துவிட்டான்.

பெரியப்பா தோளில் இலைக்கட்டோடு வந்தார். வாசலைப் பார்த்தார்.

"காரு எங்க?"

"சித்தப்பா வூட்லங்க பெரிப்பா. சார்ஜ் ஏறுது."

இலைக்கட்டை இறக்கி வைத்தார்.

"அங்க ஏதாச்சும் குடிச்சியா?"

"இல்லைங்க பெரிப்பா. சித்தி மோரு குடுத்தாங்க. வாங்கவே இல்ல."

"நீ குடிக்கல. உங்காரு குடிக்குதே."

ஐஸ்வர்யா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"ஏங்க, கரண்ட்டு என்ன சோறா?" என்றாள் பெரியம்மா.

"சோறுதான். அதத் தின்னுட்டுத்தான ஓடுது? விருந்துக்கு வந்த வண்டி, மாது வூட்டத் தாண்டிப்போயி அவன் தம்பி வூட்ல கை நனச்சிருக்குது. நாளைக்கு டீக்கடையில கேப்பானுங்க." துண்டை உதறித் தோளில் போட்டார். "அங்கியே சாப்புட்டுக்குங்க. நான் போயி மஞ்சளுக்குத் தண்ணி கட்டறன்."

கோபமாகச் சொன்னால் பயமில்லை. மெதுவாகச் சொன்னார். அவர் குணம் ஐஸ்வர்யாவுக்குத் தெரியும். சொந்தத் தங்கை காதுகுத்துக்கு நேரில் வராமல் போனில் அழைத்தாள் என்று அந்த வீட்டு வாசலை இன்றுவரை மிதிக்காதவர். அடுத்த ஞாயிறு அதியமான்கோட்டையில் பெண் வீட்டாருக்கு விருந்து; அவர் வரவேண்டும். மாமியார் வீட்டில் அவள் பக்கம் என்று வந்து நிற்க அவரை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

"பெரிப்பா, நில்லுங்க. காரை இங்கயே கொண்டாந்துடறன்."

"கொண்டாந்து? இந்த வூட்டுக் கரண்ட்டுதான் அதுக்குப் புடிக்கலியே."

"புடிக்க வெக்கலாம். எர்த்து போட்டாப் போதும். கடப்பாரை எங்க இருக்குது?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. போய்ச் சார்ஜரைப் பிடுங்கினாள். சித்தப்பா "என்னாச்சு பாப்பா?" என்றது காதில் விழாததுபோல் காரைத் திருப்பினாள். பெரியப்பா வாசலில் நிறுத்திவிட்டு, பட்டுச் சேலையை இடுப்பில் செருகி, மாட்டுக் கொட்டகையிலிருந்து கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிளக்குக்கு நேர் கீழே ஓங்கிக் குத்தினாள். கடப்பாரை துள்ளியது. கைகள் இரண்டும் விறுவிறுத்தன.

"அய்யோ, பட்டு!" என்றாள் பெரியம்மா.

அடுத்த குத்துக்கு முன்னால் பெரியப்பா வந்து கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டார். "புதுப்பொண்ணக் குழி தோண்ட வெச்சான்னு வேற பேரு வாங்கணுமா நானு?"

அவர் குத்தினார். பொறி பறந்தது.

"அண்ணா, அங்க பாறை" என்றது சுவர்மேல் இருந்த தலை.

"எனக்குத் தெரியும்."

மறுபடி குத்தினார். மறுபடி பொறி.

"எர்த்துக்கு ஈரம் வேணும்ண்ணா. தொவைக்கிற கல்லுகிட்ட தோண்டு. வாழைக்குத் தண்ணி போற எடம்."

பெரியப்பா நிமிர்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டார். "நானும் அதத்தான் சொல்ல வந்தன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுத் துவைக்கிற கல்லை நோக்கி நடந்தார்.

அங்கே மண் வெண்ணெயாக இருந்தது. நாலு குத்தில் முழங்கால் ஆழம். இதற்குள் சித்தப்பா சுவரைத் தாண்டிக் குதித்திருந்தார். கையில் ஓர் ஆள் உயர இரும்புக் குழாய், வயர் சுருள். அவர் வீட்டுக்கு எர்த் போட்டபோது மிஞ்சியது. அண்ணனிடம் நீட்டவில்லை. குழியோரம் வைத்துவிட்டு, "உப்பும் கரியும் வேணும்ங்க அண்ணி" என்றார்.

பெரியம்மா ஊறுகாய்க்கு வைத்திருந்த கல்லுப்பை முறத்தோடு கொண்டு வந்தாள். வெந்நீர் அடுப்பிலிருந்து கரியை அள்ளி வந்தாள். குழாயைப் பார்த்ததும் அவளுக்கு வேறொன்று தோன்றியது. உள்ளே போய் மஞ்சளும் குங்குமமும் எடுத்துவந்து அதற்குப் பொட்டு வைத்தாள்.

"இது என்ன போர்வெல்லா?" என்றார் பெரியப்பா.

"பூமியில எறக்கறதுதான? இருக்கட்டும்."

பெரியப்பா திடீரென்று மண்வெட்டியை நிறுத்தினார். "பாப்பா, அங்க எவ்வளவு ஏறுச்சு?"

ஐஸ்வர்யா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "ரெண்டுதாங்க பெரிப்பா. பதினாறு இருக்குது."

"அந்த ரெண்ட எறக்க முடியாதா?"

சித்தப்பா வாயைத் திறந்தார். ஐஸ்வர்யா முந்திக்கொண்டாள். "முடியும்."

பாயில் பசியோடு உட்கார்ந்திருந்த சந்திரமோகனை எழுப்பிக் கூட்டிப்போய்க் காரில் உட்கார வைத்தாள். ஏசியை முழுசாகத் திருகினாள். முகப்பு விளக்கைப் போட்டாள். "பதினாலு ஆகறவரைக்கும் எறங்காதீங்க."

"எனக்குப் பசிக்குது."

"பதினாலு ஆனாத்தான் சோறு."

மாப்பிள்ளை நண்பகல் வெயிலில் விளக்கை எரியவிட்டுக்கொண்டு குளிரில் உட்கார்ந்திருந்தான். தெருவில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "என்னங்க மாப்ள, வண்டி ஸ்டார்ட் ஆகலீங்களா?" என்றார். "ஆயிருச்சுங்க. எறக்கிட்டிருக்கறம்" என்றான். அவர் கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டுப் போனார். பெரியம்மா வேர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து பின்கதவைத் திறந்தாள். "நானும் சித்த குந்தறன். ஆள் கூட இருந்தா சீக்கிரம் எறங்குமில்ல?" கொஞ்ச நேரத்தில் சித்தியும் வந்து ஏறினாள். மோர்ச் சொம்பு இல்லாமல்தான் வந்தாள்.

"பதினஞ்சு!" என்று காருக்குள்ளிருந்து குரல் வந்தது.

குழி இடுப்பளவு ஆயிற்று. பெரியப்பா குழாயைப் பிடித்துக்கொள்ள, சித்தப்பா சம்மட்டியால் அடித்தார்.

"நேரா அடிடா. என் கையில போடாத."

"நீ நேராப் புடி. எப்பப் பாத்தாலும் சாச்சே புடிப்ப."

"எப்ப சாச்சன்?"

"மோட்டார் எறக்கறப்ப."

"அது கயிறு அத்துது."

"கயிறு யாரு கட்டுனது?"

பெரியப்பாவின் மீசை அசைந்தது. குழாய் நேராக இறங்கியது. கரி ஓர் அடுக்கு, உப்பு ஓர் அடுக்கு என்று கொட்டி மண்ணைத் தள்ளினார்கள். ஐஸ்வர்யா குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். ஊற்ற ஊற்றக் குடித்தது. சித்தப்பா மெயினை அணைத்துவிட்டு, குழாயிலிருந்து பிளக் வரை வயரை இழுத்து முறுக்கினார். "அண்ணா, இப்ப மெயினப் போடு."

"பதினாலு!" என்று கத்திக்கொண்டு சந்திரமோகன் இறங்கி ஓடிவந்தான்.

பெரியப்பா கையைக் கழுவினார். வேட்டியில் துடைத்தார். மெயினைப் போட்டுவிட்டு வந்து சார்ஜரை அவரே வாங்கிச் செருகினார். விளக்கு சிவப்பாக ஒரு முறை மின்னியது. பிறகு பச்சை. காருக்குள் எங்கோ டொக் என்று ஒரு சத்தம். சன்னமாக ஒரு காற்றாடி சுற்ற ஆரம்பித்தது.

"ஏத்திக்குதா?"

"ஏத்திக்குதுங்க பெரிப்பா."

அவர் பேனட்டின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், மாட்டைத் தொட்டுப் பார்ப்பதுபோல. "தீர்த்தா, எலையப் போடு" என்றார். பிறகு மண்ணாகி நின்ற தம்பியைப் பார்த்து, "நீ மட்டும் என்ன, சொவரேறிக் குதிச்சவன் திரும்பக் குதிக்கப் போறியா? ஒக்காரு. உம் பொண்டாட்டியயும் ஒக்காரச் சொல்லு" என்றார்.

சாப்பிட உட்கார்ந்தபோது மணி மூன்று. வீட்டுப் பிளக்கில் ஒரு மணி நேரத்துக்கு ஏழோ எட்டோ ஏறும். அதைத் தெரியாமல் சொல்லிவிட்டான் சந்திரமோகன்.

"அப்ப அவசரமே இல்ல" என்று பெரியம்மா அவன் இலையில் மீனைப் போட்டாள். "அது சாப்புடறவரைக்கும் நீங்களும் சாப்புடுங்க."

இலையை எடுத்த பிறகு முறுக்கு வந்தது. முறுக்குக்குப் பிறகு வாழைப்பழம். பெரியப்பா நிமிஷத்துக்கொரு தரம் எழுந்துபோய்க் காரின் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்து கணக்குச் சொன்னார். இருபத்திரண்டு ஆனபோது சித்தப்பா தொண்டையைச் செருமினார்.

"எங்க வூட்டுக்கும் விருந்துக்குத்தான வந்திருக்கறாங்க?"

"யாரு இல்லன்னா? முப்பது ஆகட்டும். அப்பறம் பத்து அங்க போட்டுக்க."

"பத்தா? எனக்கு இருவது வேணும்ண்ணா."

"பதினஞ்சு. அதுக்கு மேல பேசாத."

முப்பதில் கார் சுவருக்கு அந்தப் பக்கம் போயிற்று. சித்தி இரண்டாம் விருந்தை ஆரம்பித்தாள். சந்திரமோகன் ஐஸ்வர்யாவின் காதில், "இது ஃபாஸ்ட் சார்ஜர் இருக்கற ஊரா இருந்தா நான் பொழச்சிருப்பேன்" என்றான். அவள் அவன் தட்டில் இன்னொரு வடையை வைத்தாள்.

கிளம்பும்போது இருட்டிவிட்டிருந்தது. பெரியம்மா டிக்கியில் ஒரு வாழைத்தாரும் பூசணியும் ஏற்றினாள். ஐஸ்வர்யா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, கேட்க நினைத்ததைக் கேட்கத் தைரியமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். பெரியப்பா அவள் பக்கத்து ஜன்னலில் குனிந்தார்.

"உங்க வூட்ல எர்த்து இருக்குதா?"

"இருக்குதுங்க பெரிப்பா."

"யாரு போட்டது?"

"வயர்மேன்."

"அவனுக்கு என்ன தெரியும்? உப்புக் கரியெல்லாம் போட்டானா இல்லியா? ஞாயித்துக்கெழம நான் வந்து பாக்கறன். இவனையும் கூட்டிட்டு வர்றன். குழாய நான்தான் புடிப்பன், சொல்லிட்டன்."

"காலையிலயே வந்துருங்க பெரிப்பா" என்றாள்.

"எட்டு மணி பஸ்ஸு. அப்பறம் உங்க மாமனாருகிட்ட சொல்லு, ஈரமான எடமாப் பாத்து வெக்கச் சொல்லு, பாறையில…"

கார் சத்தமில்லாமல் நகர்ந்தது. அது கிளம்பிவிட்டது பெரியப்பாவுக்குத் தெரியவில்லை. ஜன்னலைப் பிடித்தபடி, பேச்சை நிறுத்தாமல், கூடவே நடந்து வந்தார். ஐஸ்வர்யா வேகத்தைக் கூட்டவில்லை.