அழுக்குப் பக்கம், சுத்தப் பக்கம்

அடுத்த அறையில் இருக்கிற சொந்த மகளின் முகத்தைப் பார்க்க நீங்கள் எப்போதாவது வீடியோ கால் போட்டிருக்கிறீர்களா?

அவர் தினமும் போட்டார். பாதி நாள் அவள் எடுக்க மாட்டாள். எடுத்தாலும் திரையில் முகம் வராது. சுற்றுகிற மின்விசிறியும் கூரையில் ஒரு ஈரக்கறையும் தெரியும். "சொல்லுங்கப்பா" என்று குரல் வரும். அந்தக் குரல் போனில் வருவதற்கு ஒரு கணம் முன்னாலேயே சுவர் வழியாகக் காதில் விழுந்துவிடும். ஒன்றுமில்லை, சும்மாதான் என்று சொல்லி அவர் வைத்துவிடுவார். கொஞ்ச நேரம் அறைக்குள்ளேயே நடப்பார். மறுபடியும் போனை எடுத்துப் பார்ப்பார்.

அவருக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. அங்கே கூடத்தை நடுவில் ஒரு சுவர் இரண்டாகப் பிரிக்கிறது. இந்தப் பக்கம் அழுக்குப் பக்கம், அந்தப் பக்கம் சுத்தப் பக்கம். சலவை எந்திரங்கள் சுவருக்குள்ளேயே பதிந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கதவு. நோயாளிகளின் விரிப்பும் உடுப்பும் இந்தக் கதவு வழியாக உள்ளே போகும், துவைத்து முடிந்ததும் அந்தக் கதவு வழியாக வெளியே வரும். ஒரு கதவு திறந்திருந்தால் மற்றது திறக்காது. எவ்வளவு இழுத்தாலும் திறக்காது, மணிதான் அடிக்கும். அழுக்குப் பக்கத்து ஆள் குளித்து உடை மாற்றாமல் அந்தப் பக்கம் காலை வைக்கக் கூடாது. அவர் அழுக்குப் பக்கத்து ஆள்.

நோய் பரவத் தொடங்கியபோது அவர் மனைவி தங்கையின் பிரசவத்துக்கென்று வேறு நாட்டுக்குப் போயிருந்தாள். விமானம் நின்றது, எல்லையை மூடினார்கள், அவள் அங்கேயே மாட்டிக்கொண்டாள். வீட்டில் இவரும் மகளும் மட்டும். பதினாறு வயது. விடிந்ததிலிருந்து தூங்கப் போகும்வரை ஓயாமல் பேசுவாள் என்பதால் வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர்.

பயந்துபோன மனுஷன் தனக்குத் தெரிந்ததைத்தானே செய்வான்? அவர் வீட்டையே சலவை எந்திரமாக்கிவிட்டார். வாசலை ஒட்டிய அறை அவருக்கு, உள்ளறை அவளுக்கு. நடுவில் இருக்கிற கூடத்துக்கு ஒருவர் வந்தால் மற்றவர் வரக்கூடாது. வெளியே வருமுன் "வரேன்" என்று சத்தம் கொடுக்க வேண்டும். மற்றவர் கதவைச் சாத்திவிட்டு "சரி" என்று சொல்ல வேண்டும்.

"அப்பா, நான் என்ன பெட்ஷீட்டா?" என்று அவள் சிரித்தாள்.

"நீ சுத்தப் பக்கம்மா. நான்தான் அழுக்குப் பக்கம். என்கிட்டேருந்து உனக்கு ஒண்ணும் வந்துடக் கூடாது."

அப்படியும் நோய் வந்தது, அவருக்கு. வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே, தான் துவைத்த விரிப்பிலேயே படுத்துக் கிடந்தார். கீழ்வீட்டுத் தையல்காரம்மா மகளுக்குச் சாப்பாடு கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனாள். ஆள் பிழைத்து வீடு வந்தபோது ரேடியோ நின்றுபோயிருந்தது.

இப்போது நோய் அடங்கிவிட்டது. ஊசியும் போட்டாயிற்று. அவர் அந்தக் கதவு விதியை எப்போதோ விட்டுவிட்டார். அவள்தான் விடவில்லை. அவருடைய கதவு சாத்துகிற சத்தம் கேட்காமல் வெளியே வரமாட்டாள். நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது. வருவாளா என்று வகுப்பாசிரியை இரண்டு முறை கேட்டுவிட்டாள். இவர் என்ன சொல்வார்? கூடத்துக்கே வராத பெண் பள்ளிக்கூடத்துக்கு எப்படி வருவாள்?

அன்று வேலையில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூட்டையை அவிழ்த்தார், கட்டினார், திரும்ப அவிழ்த்தார். எந்திரத்தின் கதவைப் பிடித்து இழுத்தார். மணி அலறியது.

"அண்ணே! அந்தப் பக்கம் திறந்திருக்கு" என்று கத்தினான் கூட வேலை பார்க்கும் நெட்டை. "சுவர்க் கண்ணாடி வழியாப் பாருங்க, அந்தப் பக்கத்து அக்கா திட்டுறாங்க. நல்லவேளை, சத்தம் இங்க கேக்காது."

"கவனிக்கலடா."

"காலையிலேருந்து நீங்க எதைத்தான் கவனிச்சீங்க? பாப்பாவைப் பத்தித்தானே யோசனை? என் வீட்டுலயும் அதே கூத்துதான். என் பையன் ஸ்கூல்னதும் ஷூவைத் தேடி எடுத்தான். கால் உள்ளயே போகல. அதுக்கு என்னை முறைக்கிறான், என்னமோ நான்தான் அவன் காலைப் பிடிச்சு இழுத்து வளர்த்தேன்கிற மாதிரி."

அவர் சிரிக்கவில்லை. "உன் பையன் முறைக்கவாவது எதிர்ல வரான்" என்றார்.

நெட்டை அவர் கையிலிருந்த மூட்டையை வாங்கிக்கொண்டான். "வீட்டுக்குப் போங்கண்ணே. நான் மேஸ்திரிகிட்ட சொல்லிக்கறேன்."

வீடு வந்து குளித்தார். குளித்து முடித்ததும் மனைவி போனில் வந்தாள்.

"என்னங்க, பேசினீங்களா?"

"இப்பத்தான் வந்தேன்."

"எப்பப் பார்த்தாலும் இப்பத்தான் வந்தேன். ஒரு பொண்ணை ரூமை விட்டு வெளிய கொண்டுவர உங்களால முடியல, ஊர்த் துணியெல்லாம் துவைக்கறீங்களாம்!"

"நீ வந்து கூப்பிட்டுப் பாரேன்."

"பறந்தா வரட்டும்? டிக்கெட்டு கிடைக்காம நான் இங்க பித்துப் பிடிச்சுப்போய் உக்காந்திருக்கேன்." அவள் குரல் உடைந்தது. "அவ முகத்தை நான் பார்த்தே எத்தனை நாளாச்சு தெரியுமா? எனக்கும் அந்த ஃபேனைத்தாங்க காட்டுறா."

போனை வைத்துவிட்டு அவர் "வரேன்" என்று கத்தினார், பழக்கத்தில். உள்ளேயிருந்து "சரி" என்று வந்தது. அவர் கூடத்தைக் கடந்து அவள் கதவருகே போய் நின்றார்.

"யூனிஃபார்ம் எடுத்து வெச்சியாம்மா?"

அவர் கதவை விரலால் லேசாகத் தட்டினார்.

"பஸ்ல போக வேணாம். நானே கொண்டுபோய் விடறேன். மாஸ்க் புதுசு வாங்கி வெச்சிருக்கேன். உனக்கு ஒண்ணும் வராது கண்ணு. அந்தப் பயமே வேணாம்."

"எனக்கு வந்தா வரட்டும். அதுக்கு நான் பயப்படல."

"அப்புறம் எதுக்கும்மா?"

கதவுக்கு அந்தப் பக்கம் எதையோ நகர்த்துகிற சத்தம் கேட்டது. பிறகு குரல் கீழேயிருந்து வந்தது. கதவோரம் தரையில் உட்கார்ந்துவிட்டாள் போலிருக்கிறது.

"அப்பா, உங்களுக்குக் காய்ச்சல் வந்துதே, அதுக்கு முன்னாடி நான் மொட்டை மாடிக்குப் போனேன். உங்ககிட்ட சொல்லல. எதிர் பில்டிங்குல என் ஃப்ரெண்டு இருக்காளே, அவளும் வந்தா. மாஸ்க்கெல்லாம் போடல. ஒரே பாட்டில்ல தண்ணி குடிச்சோம். வீட்டுக்கு வந்து கை கழுவாம உங்க டம்ளரை எடுத்துக் குடிச்சிட்டு அப்படியே கவுத்து வெச்சிட்டேன். அப்புறம் அவளுக்குக் காய்ச்சல்னு மெசேஜ் வந்துது. அப்புறம் உங்களுக்கு."

அவர் கதவில் உள்ளங்கையை வைத்தார்.

"நீங்க சொன்னது தப்புப்பா. நான்தான் அழுக்குப் பக்கம்."

இத்தனை நாளும் மகளைத் தன்னிடமிருந்து காப்பாற்றுவதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவளோ அப்பாவைத் தன்னிடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அந்த வாரம் எங்க வேலையில பாதிப் பேருக்கு வந்துது" என்றார் மெதுவாக.

"உங்களுக்கு அங்கேருந்துதான் வந்துதுன்னு தெரியுமா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் இவள் சின்ன வயதிலிருந்தே அவர் பொய்யை வாசலிலேயே பிடித்துவிடுகிறவள்.

"தெரியாது" என்றார். "யாருக்கும் தெரியாது. உன்னாலயே வந்திருந்தாலும் இருக்கட்டும். வந்துது, போயிடுச்சு. நான் இங்க கல்லு மாதிரி நிக்கறேன்ல?"

"இப்ப நிக்கறீங்க. அப்ப போன்ல பேசவே முடியல உங்களால. நான் என்ன கேட்டாலும் ம்... ம்...னு மட்டும்தான். ஒருநாள் அந்த ம்-மும் வரல."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு தன் அறைக்குப் போகாமல், அங்கேயே கூடத்துத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்தார். அவர் உடம்புக்கு அது சுலபமான காரியமில்லை.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து "வரேன்" என்றாள்.

"வா."

"சரின்னு சொல்லுங்கப்பா. உங்க கதவு சாத்தின சத்தம் கேக்கல."

"சாத்தல. நான் இங்கதான் உக்காந்திருக்கேன்."

"விளையாடாதீங்க. எனக்குப் பாத்ரூம் போகணும்."

"போயேன். நானா வேணாம்னேன்?"

"அப்பா, ப்ளீஸ். ரூமுக்குப் போங்க."

எழுந்துவிடலாமா என்று நினைத்தார். குழந்தையை வதைக்கிறோமோ என்று இருந்தது. ஒரு கையைத் தரையில் ஊன்றினார், எடுத்தார், மறுபடி ஊன்றினார். போனில் மனைவி மறுபடியும் வந்தாள். இவர் ஒன்றும் சொல்லாமல் ஸ்பீக்கரைப் போட்டுக் கதவுப் பக்கம் நீட்டினார்.

"என்னங்க ஆச்சு? ஏன் பேச மாட்டேங்கறீங்க? எங்க அவ?"

"அம்மா, அப்பாவைப் போகச் சொல்லும்மா!" என்று உள்ளேயிருந்து கத்தல். "கூடத்துல உக்காந்துக்கிட்டு அடம் பிடிக்கறார்!"

"யாரு, அந்த மனுஷனா? பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கே எங்க வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டேன்னு உக்காந்தவர்டீ அவர். நீ சொல்லி எழுந்திரிப்பாரா?"

உள்ளே ஒரு சத்தம். சிரிப்பா அழுகையா, இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அதற்குமேல் அவளால் பொறுக்க முடியவில்லை. தாழ்ப்பாள் விலகியது.

முகம் முழுக்க மாஸ்க். சட்டைக் கை மணிக்கட்டுக்கு எட்டாமல் மேலேறியிருந்தது. எப்போது இவ்வளவு வளர்ந்தாள்? விரல்கள் சிவந்து, தோல் உரிந்திருந்தன. பிளீச்சில் கை வைத்துப் பழகாத புது ஆட்களுக்கு அழுக்குப் பக்கத்தில் இப்படித்தான் கை ஆகும்.

"மூச்சு விடாதீங்க!" என்று கத்திக்கொண்டு எதிர்ச் சுவரோடு சுவராக ஒட்டி ஓடினாள். அவர் உண்மையிலேயே மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார், அவள் குளியலறைக் கதவைச் சாத்தும்வரை.

"என்னங்க? வந்துட்டாளா?" என்றது போன்.

"வந்தா" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டு.

உள்ளே தண்ணீர் விழும் சத்தம் நிற்கவே இல்லை. கை கழுவுகிறாள், இன்னும் கழுவுகிறாள். போதும்மா என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. கடைசியில் நின்றது. கதவு ஒருக்களித்துத் திறந்தது.

"இன்னும் இங்கயா இருக்கீங்க?"

"கால் மரத்துப்போச்சு. தூக்கி விடேன்."

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். கையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒரு நுனியை அவர் பக்கம் வீசினாள். அவர் பிடித்துக்கொண்டார். மறுநுனியை அவள் இரண்டு கையாலும் பிடித்து, பின்னால் சாய்ந்து இழுத்தாள்.

"ஐயோ, என்ன கனம்ப்பா நீங்க!"

"ஆஸ்பத்திரிச் சாப்பாடு" என்றார் அவர், எழுந்து நின்று.

மறுநாள் காலை பள்ளிக்கூடம் திறந்தது. அவள் போகவில்லை. அப்பாவுக்கு ஓரடி பின்னால் படி இறங்கி, தெருமுனைக் கடை வரை நடந்தாள். அங்கே பஸ் போவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு இருவரும் வீட்டுக்குத் திரும்பினார்கள்.