மேலே யாரும் இல்லை

தில்சரா தலையணை உறைகளைத் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த உறைகளில் ஒரு மாதமாக யாரும் தலை வைக்கவில்லை. இருந்தாலும் வாரம் தவறாமல் துவைத்துவிடுவாள். வருகிறவர்களுக்கு அழுக்கு உறை கொடுத்தாள் என்று பேர் வந்துவிடக் கூடாதாம். யாராவது வந்தால்தானே பேர் வருவதற்கு!

அன்னபூர்ணா மலையைச் சுற்றி நடக்கிறவர்களுக்காக, மர்ஸ்யாங்தி ஆற்றங்கரையில் அவளும் புருஷன் லால்பீரும் சேர்ந்து கட்டிய விடுதி அது. எதிர்க்கரையில் ஜீப் ரோடு வந்த பிறகு, இந்தக் கரையின் நடைபாதையில் ஆள் வரத்துக் குறைந்துபோனது. இப்போது ஐப்பசி சீசனிலும் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறாள். அக்கம்பக்கத்து விடுதிக்காரர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு பொக்காரா நகரத்துக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிழைக்கப் போய்விட்டார்கள். பேச்சுத்துணை என்று பார்த்தால் கோழிகள்தான். சில நாள் அதுவும் அலுத்துப்போய் ரேடியோவைத் திட்டுவாள்.

லால்பீர் ஒரு நீல ஜீப் வாங்கி ஓட்டுகிறான். பாதி நாள் கீழே ஜீப் நிறுத்தத்திலேயே தங்கிவிடுவான். எதிர்க்கரையில் போகும்போது ஹாரன் அடிப்பான். இவள் கையை ஆட்டுவாள். வண்டி எப்போதும் நிறைந்தே போகும். நம் வீட்டு வண்டியாவது நிறைகிறதே என்று அவளுக்குக் கொஞ்சம் ஆறுதல். திஹார் பண்டிகை முடிந்ததும் விடுதியை மூடிவிட்டுக் கீழே வந்துவிடு என்று அவன் நச்சரித்துக்கொண்டிருந்தான். அவளும் அரை மனதாகச் சரி என்றிருந்தாள்.

அன்று மத்தியானம் வாசலில் ஒரு குரல் கேட்டது.

"அக்கா, இங்க ஆள் இருக்கீங்களா?"

"இருக்கேன் இருக்கேன். பேய் இல்ல, பயப்படாம வா!"

வந்தவள் சபிதா. காத்மாண்டுவில் வங்கி வேலை. முதுகில் மூட்டை, முகமெல்லாம் புழுதி. தில்சராவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுப்பைப் பற்றவைத்துச் சோறும் பருப்பும் கீரையும் செய்து, தட்டில் போட்டுக்கொண்டே இருந்தாள். அங்கெல்லாம் தட்டைக் கையால் மூடினால்தான் போதும் என்று அர்த்தம். சபிதா நகரத்துக்காரி, மறந்துவிட்டாள், கரண்டி நிற்கவில்லை.

"சிநேகிதிங்க அடுத்த வருஷம் கூட்டமா வரணும்னு இருக்காங்கக்கா," என்றாள் சபிதா. "அன்னபூர்ணா இன்னும் போற மாதிரி இருக்கா, ரோடு வந்து கெட்டுப்போச்சா, பாத்துட்டு வான்னு என்னை அனுப்பினாங்க. என்ன சொல்றதுன்னே தெரியல."

"ஏன், பாதை நல்லா இல்லையா?"

"பாதைக்கு என்னக்கா? அருவியும் பைன் காடுமா அவ்வளவு அழகு. ஆனா பூட்டின வீடாவே பாத்துப் பாத்து அழுகையே வந்துடுச்சு. கீழயே ஒரு ஜீப்காரர் சொன்னாரு. நான்தான் கேக்கல."

"என்ன சொன்னாரு?"

"பாதை சரிஞ்சு கெடக்கு, மேல யாரும் இல்ல, ஒரு வாய் டீ குடுக்கக்கூட ஆள் கிடையாதுன்னாரு. நடக்கலாம்னு வந்தவங்க எல்லாரும் பயந்துபோய் ஏறிக்கிட்டாங்க. சீட்டு நிறையாம வண்டி கிளம்பாதாமே! முன்பல்லுல தங்கம் கட்டினவரு, நீல ஜீப்பு. வாய் நிறையப் பேசுறாரு."

தில்சராவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. அது யார் வண்டி என்று அவள் சொல்லவில்லை. இத்தனை நாள் தனிமையை அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்தாள். புருஷன் வாயிலேயே தான் இல்லாமல் போனதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலையில் சபிதா மேலே நடந்து போய்விட்டாள். மாலையில் லால்பீர் தொங்குபாலத்தைத் தாண்டி வீட்டுக்கு வந்தான்.

"ஏன்யா, மேல யாரும் இல்லையாமே?" என்றாள் தில்சரா.

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் தங்கப்பல் மறைந்தது.

"சீட்டு நிறையணும்ல? எல்லா டிரைவரும் அதைத்தான் சொல்றான்."

"எவன் வேணா சொல்லட்டும். நீ சொல்லலாமா? ரோடுதான் நம்மளக் கெடுத்துச்சுன்னு அதைப் போட்டுக் கரிச்சுக் கொட்டிக்கிட்டிருந்தேனே!"

"உனக்காகத்தானடி ராப்பகலா ஓட்டுறேன்!"

"எனக்காகவா? நான்தான் இல்லையே!"

ஆள் இல்லாத கூடத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தான். அவள் எந்நேரமும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாள் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் கீழே ஜீப் நிறுத்தத்தில் அவன் முறை. இரண்டு சீட்டு பாக்கி. சித்வனிலிருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும் மூட்டையோடு வந்து நின்றார்கள்.

"நடந்து போலாம்னு பாக்குறோம். மேல ஆள் இருக்காங்களா அண்ணே?"

பழைய பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. லால்பீர் அதை விழுங்கினான்.

"இருக்கா. என் பொண்டாட்டி இருக்கா. பாலம் தாண்டி அந்தக் கரையோடயே போங்க. பாதை நல்லாருக்கு."

அவர்கள் கும்பிட்டுவிட்டு நடந்தார்கள். பின்னால் நின்ற ஜீப்காரன் தலையில் அடித்துக்கொண்டான்.

"கிறுக்காயா உனக்கு? கைக்கு வந்த சீட்டைத் தள்ளிவிடுற!"

"ரெண்டு சீட்டு இன்னிக்குக் காலியாப் போனா நாளைக்கு நிறையும்டா," என்றான் லால்பீர். "மேல யாரும் இல்ல, யாரும் இல்லன்னு நாமளே பொய் சொல்லி ஊரைக் காலி பண்ணிட்டா, அப்புறம் இந்த மலைக்கு எவன் வருவான்? உன் வண்டியிலதான் எவன் ஏறுவான்?"