கொள்ளிக்கட்டைக்குப் பெயர் வந்த வழி

பேக்கரியில் அவளைக் கொள்ளிக்கட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். முதலாளியை எதிர்த்து வாசலில் நின்று முழங்கியதால் வந்த பெயர் என்று தெருவில் பேச்சு. தெருவுக்கு என்ன தெரியும்! பெயர் அதற்கு முந்தியே வந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்த அன்று இரண்டாவது அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னார்கள். மகராசி தீப்பெட்டி தேடவில்லை. முதல் அடுப்பிலிருந்து எரிகிற கட்டை ஒன்றை உருவிக்கொண்டு மாவு மூட்டைகளுக்கு நடுவே விறுவிறுவென்று நடந்தாள். ஆளாளுக்குத் துள்ளி விலகினார்கள். அடுப்பு மேஸ்திரி வேறு யாருமில்லை, அவள் கூடப்பிறந்த தம்பிதான். "ஏ கொள்ளிக்கட்டை! கட்டடத்தையே கொளுத்திடாத!" என்று கத்தினான். சிரிப்போடு சிரிப்பாகப் பெயர் ஒட்டிக்கொண்டது.

புகைபோக்கி கேட்டு வேலையை நிறுத்தியபோதுதான் பெயருக்கு அர்த்தம் வந்தது. அவள் பேசினாள், மற்றவர்கள் பற்றிக்கொண்டார்கள். புகைபோக்கியும் வந்தது, எல்லாருக்கும் இருமல் நின்றது. அவளை மட்டும் முதலாளி பின்கட்டில் ரொட்டிக்கு உறை போடும் அறைக்குத் தனியாகத் தள்ளினார். அந்தப் பக்கம் போனால் முதலாளி கண்ணில் பட்டுவிடுமாம், ஒரு குருவிகூட எட்டிப் பார்க்காது. தம்பியோ கழுத்து சுளுக்கியவன் மாதிரி மறுபக்கம் பார்த்துக்கொண்டே அந்தக் கதவைத் தாண்டுவான். பொல்லாத சுளுக்கு, இன்னும் விட்டபாடில்லை. அவளும் பெஞ்சில் பாதியைக் காலியாக விட்டுத்தான் உட்காருவாள். யாருக்கென்று கேட்காதீர்கள்.

போன வாரம் முதலாளி வார லீவை ரத்து செய்தார். உடனே கூட்டமாக அவளிடம் வந்தார்கள். தம்பிதான் முன்னால்.

"அக்கா, நீ வாயத் தொறந்தா போதும்."

"இத்தன நாளும் சோறு திங்கத் தொறந்துச்சே, சாப்பிட்டியான்னு ஒருத்தர் கேட்டீங்களா?"

"அதான் இப்ப வந்துட்டமே" என்றான் மாவு பிசைகிறவன்.

"ஏண்டா மேஸ்திரி, அடுப்புலருந்து உருவின ஒத்தக் கட்டை எவ்வளவு நேரம் எரியும்?"

"கொஞ்ச நேரந்தான். அப்புறம் புகைஞ்சு கருகிடும்."

"தெரியுதுல்ல. நாளைக்கு எல்லாரும் இங்க வந்து சாப்பிடுங்க. கை கழுவுனதும் நேரா போய்ப் பேசுறேன்."

"ஐயோ, முதலாளி பாப்பாரே!" என்றது கூட்டம்.

"பாக்கட்டும்னுதான் சொல்றேன்."

மறுநாள் சாப்பாட்டு மணி அடித்தது. அவள் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு திறக்காமல் காத்திருந்தாள். காலடிகள் வந்தன, கதவருகே கொஞ்சம் மெதுவாகி, அப்படியே கடந்து போயின. முன்கட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. சரிதான் என்று அவள் மூடியைத் திறந்தபோது வாசலில் நிழல் விழுந்தது.

தம்பி. ஒரு கால் அறைக்குள், ஒரு கால் வெளியே. கையில் டப்பா.

"உக்காருடா."

"இருக்கட்டும்க்கா."

நின்றபடியே அவசர அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டான். கண் முழுக்க முன்கட்டுப் பக்கம்தான்.

வார லீவைப் பற்றி அன்று அவள் பேசப் போகவில்லை. பெஞ்சில் இன்னும் கொஞ்சம் இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.