கடைசிச் சுரத்தின் அசைவு

சுகிர்தம் போன பிறகு அவளுடைய புல்லாங்குழல் அலமாரியிலேயே கிடந்தது. ஒரு சாயங்காலம் அவள் கணவர் நம்பிராஜன் அதை உறையிலிருந்து எடுத்து, அவள் செய்வதுபோல எண்ணெய் தடவித் துடைத்து, உதட்டில் வைத்து ஊதினார். வெறும் காற்றுதான் வந்தது. மறுநாளும் ஊதினார்.

மகள் ஸ்வாதியைத் தொட்டிலில் போட்ட நாளில் சுகிர்தமே கட்டிய தாலாட்டு மெட்டு ஒன்று உண்டு. பிறகும் விளக்கேற்றியதும் அதை ஊதுவாள். முடிவில் வரும் நீண்ட சுரத்தைப் பிடித்து, லேசாக அசைத்து, அந்த அசைவிலேயே கரைய விடுவாள். யாருக்கும் அதைப் பதிவுசெய்து வைக்கத் தோன்றவில்லை. ஆவணியில் முதல் வருஷ நினைவு நாள். ஸ்வாதி வரும்போது ஊதிக் காட்டிவிட வேண்டும் என்று இருந்தார் நம்பிராஜன். மெட்டு ஒருவழியாக விரலுக்கு வந்துவிட்டது. அசைவு மட்டும் வரவில்லை. அது இல்லாமல் ஊதினால் வேறு யார் வீட்டுப் பாட்டோ போல இருந்தது.

எதிர்வீட்டு வேல்ராஜ், போலீஸ் பேண்டில் கிளாரினெட் வாசித்து ஓய்வுபெற்றவர், ஒருநாள் உள்ளேயே வந்துவிட்டார்.

"ஏலே நம்பி, நிறுத்து. இது ரைட் விசில்லே. இன்னொரு மட்டம் ஊதுனா சுரண்டை பஸ் கெளம்பிரும்."

அதுதான் குறை. தென்காசி–சுரண்டை தடத்தில் கண்டக்டராக இருந்து விசிலில் பழகிய வாய் நம்பிராஜனுக்கு. நீண்ட சுரம் வந்ததும் நாக்கு தானாக எழும்பிக் காற்றை வெட்டியது. நாக்கை அடக்கினால் தலை ஆடியது.

"ஊதுதியா, வேண்டாம்னு தலையாட்டுதியா?"

"நீதான் சொல்லேன்."

"பேண்டுல மார்ச் வாசிக்கவனுக்கு இந்த அசைவு, வைப்ரேட்டோ எல்லாம் எதுக்குல? வயித்துலருந்து வரணும்னு மாஸ்டர் சொன்னாரு. எப்படி வரும்னு சொல்லல. சரி, கெளம்பு. குற்றாலத்துல சாரல் நல்லா இருக்கு."

அருவிக்குப் போகும் முன் எண்ணெய் தேய்த்துவிடுபவரிடம் குப்புறப் படுத்தார் நம்பிராஜன். அவர் இரண்டு உள்ளங்கையாலும் முதுகில் தாளம் போட ஆரம்பித்த நேரம் பார்த்து ஸ்வாதி போன் செய்தாள். வேல்ராஜ் ஸ்பீக்கரைப் போட்டுக் காதருகே பிடித்தார்.

"சாப்பிட்டாச்சாப்பா?"

"ஆ…ஆ…ஆச்சும்மா."

ஸ்வாதி குரலைத் தாழ்த்தி, "அழுவுதீங்களாப்பா?" என்றாள்.

"இல்…ல…லம்மா. முதுகுல தட்டுதாரு."

வேல்ராஜுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. போனை வைத்த பிறகும் நம்பிராஜன் சிரிக்கவில்லை.

"அண்ணாச்சி, இன்னும் கொஞ்சம் தட்டுங்க" என்று சொல்லி, நீளமாக ஒரு 'ஆ' இழுத்தார். நாக்கு கிடந்த இடத்திலேயே கிடந்தது. குரல் எங்கும் அறுபடவில்லை. உள்ளே காற்று மட்டும் கூடிக் கூடிக் குறைந்தது.

"வலிக்கா அண்ணாச்சி?" என்று கேட்டார் தட்டியவர்.

"இல்ல. பாடம் படிக்கேன்."

வீட்டுக்கு வந்து முதலில் குழலைத் தொடவில்லை. வயிற்றில் கையை வைத்து, அமுக்கியும் விட்டும், மூச்சை நிறுத்தாமல் ஊதிப் பார்த்தார். கை எடுத்த பிறகும் வயிறு அசையப் பழகியது. அதற்கப்புறம்தான் குழல்.

நினைவு நாளன்று படையல் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, சுவரோரம் உட்கார்ந்திருந்த ஸ்வாதியின் முன்னால் ஊதினார். கடைசிச் சுரத்தில் நாக்கு எழும்பப் பார்த்தது, விடவில்லை. சுகிர்தத்தின் அசைவு சின்னது, வேகமானது. இது மேடும் பள்ளமுமான ரோட்டில் டவுன் பஸ் போவதுபோல மெல்ல ஏறி இறங்கியது. ஆனால் எங்கும் நிற்காமல் போய்க் கரைந்தது.

ஸ்வாதி மூக்கை உறிஞ்சினாள்.

"இப்ப முதுகுல யாரும் தட்டலியேப்பா?"

"இல்லம்மா" என்றார். குரலும் அசைந்துதான் வந்தது.

அவள் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"முதல்லருந்து ஊதுங்கப்பா."