எட்டுப் புள்ளி

பொட்டலத்தைப் பிரித்ததும் கல் அழகாக இருந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்குச் சந்தேகம் வந்தது.

என் கொழுந்தன் கோர்தன் எதிரில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தான். பதினெட்டு நாள் வைத்திருந்து கொண்டுவந்திருக்கிறான். இது என் புருஷன் ரம்ணிக் தன் கையாலேயே பட்டை தீட்டி எனக்கென்று விட்டுப்போன வைரம். ஒரு காரட் எட்டு சென்ட், அதாவது நூற்றெட்டு சென்ட். அவர் போய் நாலு வருடமாகிறது. இதை விற்றுச் சொந்தமாகக் கல்லைத் தரம் பிரிக்கும் ஆபீஸ் போட வேண்டும், இரண்டே மேஜை போதும் என்று அன்றிலிருந்து அலைகிறேன். மகிதர்புரா வைரச் சந்தையில் எந்தத் தரகர் கையில் கொடுத்தாலும் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார். நடுவில் இருட்டாக இருக்கிறதாம். கடைசியில் கோர்தன்தான், "என்கிட்ட குடுங்க அண்ணி, மறுபடி வெட்டித் தரேன், அடையாளமே தெரியாது" என்று வாங்கிக்கொண்டு போனான்.

அடையாளம் தெரியவில்லைதான்.

"எடை என்னடா?"

"தொண்ணூத்தி மூணு சென்ட்."

"மீதி பதினஞ்சு?"

"பட்டை தீட்டற சக்கரத்துல தூளாப் போச்சு. வேற எங்க போகும், என் வயித்துக்குள்ளயா?" என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கல்லைச் சாமணத்தில் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தேன். எடை குறைந்த கல் பழையதைவிடப் பெரிதாகத் தெரிந்தது. இது எந்த ஊர் நியாயம்? நான் ஐந்து கிலோ இளைத்தால் ஆள் சின்னதாகத்தானே தெரிவேன்! விளிம்புவரை வெள்ளை வெளேரென்று மின்னியது. நடுவில் இருந்த இருட்டைக் காணோம்.

லென்ஸைக் கண்ணில் வைத்துப் பார்த்தேன். பழைய கல்லில் எட்டுக் கறுப்புப் புள்ளிகள் இருந்தன. நடுவைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து வம்பு பேசுகிற மாதிரி இருக்கும். அதைப் பார்க்கிற போதெல்லாம் ரம்ணிக், "அழுக்குக் கல்லை என் தலையில கட்டிட்டான்" என்று கச்சாக் கல் விற்றவனின் ஏழு தலைமுறையையும் திட்டுவார். இப்போது ஓரத்தில் ஒரே ஒரு புள்ளி, அதுவும் தேடினால்தான் தெரிந்தது.

"மத்த ஏழும் எங்கடா?"

"ஏழு இருந்ததே இல்ல அண்ணி. ஒண்ணுதான் இருந்துச்சு. அடிப்பக்கம் ரொம்ப ஆழம், அதுவும் ஒரு பக்கமாச் சாஞ்சு வெட்டியிருந்துது. அந்த ஒரு புள்ளி ஒவ்வொரு பட்டையிலயும் பட்டு எட்டாத் தெரிஞ்சுது. மேல்முகமும் நடுவுல இல்ல. நான் கோணத்தைச் சரி பண்ணி எதிரெதிர்ப் பட்டையெல்லாம் ஒரே அளவா வச்சேன். அடிவழியா ஒழுகின வெளிச்சம் இப்ப மேல திரும்பி வருது."

"அப்போ உங்க அண்ணனுக்கு வெட்டத் தெரியலைங்கறே?"

தலையைக் குனிந்துகொண்டான். "அண்ணன் எடையைக் காப்பாத்தினாரு. ஒரு காரட்டுக்குக் கீழ இறங்கிடக் கூடாதுன்னு வயித்தைப் பெருசா விட்டுட்டாரு. அப்ப எல்லாருமே அப்படித்தான் செஞ்சாங்க."

நான் இருபத்திரண்டு வருடமாகக் கல் பிரிக்கிறவள். ஆனால் எல்லாம் சல்லடையில் சலிக்கிற பொடிக்கல். அதில் புள்ளி என்றால் புள்ளி, அவ்வளவுதான். பெரிய கல்லில் ஒன்று எட்டாகத் தெரியும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறேன். கேட்டும், மனசு ஏற்கவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், ரம்ணிக்கின் கை கோணல் என்று நம்புவதைவிடக் கோர்தன் திருடன் என்று நம்புவது எனக்குச் சுலபமாக இருந்தது.

அதுவும் இப்போது வராச்சாப் பட்டறைகளில் பாதிச் சக்கரங்களில் ஓடுவது லேப்பில் செயற்கையாக வளர்த்த கல். அதே மினுக்கு, பத்தில் ஒரு பங்கு விலை. கண்ணால் பார்த்து எவனாலும் பிரிக்க முடியாது. ஒன்றை எடுத்துக்கொண்டு இன்னொன்றை வைக்க எத்தனை நேரமாகும்?

டீ கொடுத்தேன். சாஸரில் ஊற்றிப் பாதி குடித்துவிட்டு, வேலை கிடக்கிறது என்று எழுந்தான். எப்போதும் கடலைமாவுக் காட்டியாவும் வறுத்த மிளகாயும் கேட்டு வாங்கித் தின்கிறவன் அன்று கேட்கவில்லை. கூலி எவ்வளவு என்றதற்கு, "உங்ககிட்ட என்ன கூலி?" என்றான். வாசலில் பார்த்தால் புதுச் செருப்பு. எல்லாவற்றையும் மனசில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டேன்.

அன்று மத்தியானமே பச்சுபாயைப் பார்க்கப் போனேன். முப்பது வருடத் தரகர், ரம்ணிக்கின் சிநேகிதர். ஸ்கூட்டர் சீட்டில் காகிதத்தை விரித்து யாருக்கோ கல் காட்டிக்கொண்டிருந்தார். ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"கோர்தன் கல்லை மாத்திட்டான்னு தோணுது பச்சுபாய். லேப் கல்லை வச்சுக் குடுத்திருக்கான்."

"நம்ம கோர்தனா? சும்மா இருங்க முக்தாபென்!"

"எட்டுப் புள்ளி இருந்த கல்லை நீங்களே பார்த்திருக்கீங்க. இப்ப ஒண்ணுதான் இருக்கு."

பச்சுபாய் பாக்கு மெல்வதை நிறுத்தினார். "ஐயையோ. அவன்கிட்ட ஊர்ப்பட்ட கல்லு கிடக்குதே! சீட்டுகூட இல்லாம வாய்ப்பேச்சுலதான் எல்லாரும் குடுத்து வச்சிருக்காங்க."

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. நான் டெஸ்ட் பண்ணிட்டு வரேன்."

"நான் ஏன் சொல்லப்போறேன்? வாயில பூட்டுப் போட்டாச்சு."

டெஸ்ட் பண்ணிவிட்டு அவரிடம் போயிருக்கலாம். ஆத்திரத்தில் அது தோன்றவில்லை.

மறுநாள் காலை வைரச் சோதனைக் கடை திறந்ததும் ஹேதலிடம் கல்லைக் கொடுத்தேன். இருபத்தைந்து வயதுப் பெண். சோதனை மெஷினும் ஸ்கேன் மெஷினும் போட்டு ஒண்டியாகக் கடை நடத்துகிறாள். கல்லை மெஷினில் வைத்து ஒரு நிமிஷத்தில் எடுத்துவிட்டாள்.

"ஒரிஜினல் ஆன்ட்டி. பூமியிலேருந்து தோண்டினதுதான். இது கோர்தன்பாய் கல்லுதானே?"

"என் கல்லு!" என்றேன் சுள்ளென்று.

"சரி, உங்க கல்லு. வெட்டறதுக்கு முன்னாடி இங்கதான் ஸ்கேன் எடுத்தாரு. காட்டட்டுமா?"

கம்ப்யூட்டரில் பழைய கல் வந்தது. ரம்ணிக்கின் கல்லேதான். வயிறு பெருத்து, ஒரு தோள் தூக்கி, அடிமுனை ஒதுங்கிக் கிடந்தது. உள்ளே ஒரு சிவப்புப் பொட்டு. எப்படிச் சுழற்றினாலும் ஒன்றுதான்.

"எட்டு இருக்கணுமே?"

"சுத்திக் கண்ணாடி வச்ச சலூன்ல ஒருத்தர் உக்காந்தா எத்தனை தலை தெரியும் ஆன்ட்டி? அது மாதிரிதான் இது. வெட்டு கோணலா இருந்தா அழுக்கு ஒண்ணு எட்டாகும், வெளிச்சமும் பாதி வீணாப் போகும்."

புதுக் கல்லையும் ஸ்கேன் செய்து பழையதன்மேல் வைத்தாள். ஓட்டுக்குள் நிலக்கடலை மாதிரி உள்ளே பொருந்தி உட்கார்ந்தது. அகலம் கிட்டத்தட்ட அதேதான். குறைந்ததெல்லாம் வயிறும் தடித்த இடுப்பும். பொட்டின்மேல் பொட்டு அப்படியே விழுந்தது.

"என்ன வேலை பண்ணியிருக்காரு பாருங்க! மேலேருந்து பார்த்தா உள்ள அம்பு மாதிரி தெரியற எட்டுக் கோடும் ஒரே நீளத்துக்கு நிக்குது. இப்ப பழைய விலையைப்போல ரெண்டு மடங்கு தாராளமாப் போகும்."

எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. ரம்ணிக் கெடுத்து வைத்த கல்லைத் தம்பி சரி பண்ணியிருக்கிறான். அண்ணன் பெயரை விட்டுக்கொடுக்காமல் பேசவும் செய்தான். நான் அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹேதலிடம் ஸ்கேன் படத்தோடு காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டு நேராகக் கோர்தனின் பட்டறைக்குப் போனேன். காலை பதினொரு மணி, சக்கரம் நின்றிருந்தது. கோர்தன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி ஜசு என்னைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டாள்.

"கேட்டீங்களா அக்கா, காலையிலேருந்து அஞ்சு பேர் வந்து கல்லைத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாங்க. பாதி வெட்டினதைக்கூட விடலை. ஒருத்தர் அவசரம்ங்கறாரு, ஒருத்தர் மும்பைக்கு அனுப்பணும்ங்கறாரு. எந்த நாசமாப்போனவன் என்ன சொன்னானோ!"

"நான்தான்" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். காகிதத்தை நீட்டினேன், பச்சுபாயிடம் சொன்னதைச் சொன்னேன். ஜசு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கோர்தன் காகிதத்தைக் கையால்கூடத் தொடவில்லை.

"என்கிட்ட எதுக்கு அண்ணி காட்டறீங்க? எனக்குத்தான் தெரியுமே. போய் அவங்ககிட்டக் காட்டுங்க."

மகிதர்புராத் தெருவில் உச்சிவெயில். ஸ்கூட்டருக்கு ஸ்கூட்டர் ஆட்கள் மொய்த்துக்கொண்டிருந்தார்கள். பச்சுபாயைச் சுற்றி ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நான் தொண்டையைத் திறந்து சொன்னேன்.

"எல்லாரும் கேளுங்க! கோர்தன் கல்லை மாத்தலை. நான்தான் புத்தி கெட்டுப்போய்ச் சொல்லிட்டேன். இந்தாங்க கல்லு, இந்தாங்க ஸ்கேன்!"

கல் கை மாறிக் கை மாறிப் போனது. வெள்ளைச் சட்டை சேட் ஒருவர் லென்ஸில் வெகு நேரம் பார்த்தார். "சிமெட்ரி பிரமாதம். இப்படி ஒரு வெட்டு பார்த்து ரொம்ப நாளாச்சு" என்றார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் கல்லைக் காகிதத்தில் மடித்து என்னிடமே நீட்டினார்.

"வாங்கலையா சேட்?"

அவர் பச்சுபாயைப் பார்த்தார். பச்சுபாய் தரையைப் பார்த்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க முக்தாபென். நேத்து ஒரு பேச்சு, இன்னிக்கு ஒரு பேச்சு. ராத்திரி கோர்தன் வீட்டுல என்ன குடுத்து சமாதானம் பண்ணினாங்க?" என்றார் சேட்.

"யாரும் எதுவும் குடுக்கலை! இது பழைய கல்லேதான், படத்தைப் பாருங்க!"

"படத்துல இருக்கறது பழைய கல்லுன்னு யாருக்குத் தெரியும்? உங்க வீட்டு மானம், மூடத்தான் பார்ப்பீங்க. எங்களுக்குப் புரியாதா?" அன்போடுதான் சொன்னார். கூட இருந்தவர்களும் அன்போடுதான் தலையாட்டினார்கள்.

நான் கத்தினேன், ரம்ணிக்மேல் சத்தியம் பண்ணினேன். என் புருஷனுக்கு வெட்டத் தெரியாது என்று நடுத்தெருவில் நின்று என் வாயால் சொன்னேன். "பாவம், புருஷனையே விட்டுக்குடுக்கறாங்க, எவ்ளோ வாங்கினாங்களோ" என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது. ஒவ்வொருவராக வேறு ஸ்கூட்டர்களுக்கு நகர்ந்துவிட்டார்கள்.

போன் அடித்தது. கோர்தன்.

"சொல்லிட்டீங்களா அண்ணி?"

"சொல்லிட்டேன்டா."

"நம்பினாங்களா?"

கல் மடித்த காகிதத்தை முந்தானையில் முடிந்துகொண்டேன். அவன் வைக்காமல் காத்திருந்தான். அந்தப் பக்கம் சக்கரம் ஓடுகிற சத்தம் இல்லை.