வெளிச்சமில்லாத மோதல்

அண்ணன் சந்திரசேகரின் எதிரில் வெண்ணிலா தன் வேலையைப் பற்றிப் பேசவே மாட்டாள். அவள் புனேயில் விண்வெளி ஆராய்ச்சி செய்பவள். மஞ்சக்குட்டையில் தோட்டம் பார்த்துவந்த அவனுக்கோ, மூன்று வருடங்களுக்கு முன் கிணற்றுப் பாறைக்கு வெடி வைத்தபோது இரண்டு கண்களும் போய்விட்டன.

இரண்டு நாள் விடுப்பில் அவள் ஊருக்கு வந்திருந்தாள். அன்று காலை மிளகு உருவிக்கொண்டிருந்தவன் திடீரென்று கேட்டான்.

"அங்க என்னதான் பண்றே? எங்கிட்ட மட்டும் ஏன் சொல்ல மாட்டேங்கறே?"

தயங்கித் தயங்கிச் சொன்னாள். இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றி, கடைசியில் மோதி ஒன்றாகிவிட்டதைப் பற்றி.

"நட்சத்திரம் வெடிக்கும்னு முன்னெல்லாம் சொல்லுவியே. எது பெருசு?"

"இதுதாங்கண்ணா. மூணு சூரியனோட எடை ஒரு நொடிக்குள்ள சக்தியாப் போயிருது. நட்சத்திரம் வெடிக்கறப்ப வர்ற மொத்த சக்தியப் போல அம்பது மடங்கு."

"அத்தன வெளிச்சத்தக் கண்ணு தாங்குமா?"

"வெளிச்சமே இல்லீங்கண்ணா. வெறும் அதிர்வுதான். யாரும் கண்ணால பாக்கல. நானும் பாக்கல."

அந்த அதிர்வை ஒலியாக மாற்றிச் செல்போனில் வைத்திருந்தாள். அவன் காதில் இயர்போனைச் செருகினாள். தாழ்ந்த உறுமல் ஒன்று சட்டென்று உயர்ந்து அடங்கியது. நான்கு முறை போடச் சொல்லிக் கேட்டான்.

"எனக்கும் அன்னைக்கு வெளிச்சம் தெரியல, கண்ணு. சத்தம் மட்டுந்தான். திரி அணைஞ்சுருச்சுன்னு நெனச்சுக் கிட்டப் போயிட்டேன்."

அந்த நாளைப் பற்றி அவன் வாய் திறந்தது அதுவே முதல் தடவை. வெண்ணிலா செல்போனைக் கீழே வைத்தாள்.

"அப்பத்தான் நான் போன் பண்ணுனேன். அதனாலதான் நீங்க கவனிக்காம..." மூன்று வருடமாக அவள் யாரிடமும் சொல்லாதது அது.

"கிறுக்கா உனக்கு? போன் அப்புறந்தான் அடிச்சுது. கீழ கெடந்து கேட்டேன். நீதான்னு தெரியும். தேடுனேன், கைக்கு ஆப்புடல." இயர்போனைக் கழற்றி அவளிடம் நீட்டினான். "எம் மூஞ்சியப் பாக்கச் சகிக்காமத்தான் நீ சரியாப் பேசறதில்லையாட்ட இருக்குதுன்னு நெனச்சேன்."

அவள் அவன் முழங்காலில் முகம் புதைத்து அழுதாள். அவன் தடுக்கவில்லை.

சாப்பிடக் கூப்பிட வந்த அம்மா குப்பாயி, இருவரையும் பார்த்துவிட்டுத் திகைத்து நின்றாள். காலடிச் சத்தம் கேட்டு அவன் நிமிர்ந்தான்.

"அம்மா, இன்னும் ஒரு வாரம் இவ இங்கயே இருக்கட்டும். நாங்க நொம்பப் பேச வேண்டியிருக்குது."